மஞ்சள் குளித்த கழுத்து

யுகேஷுக்கு ஒரு பெருமை உண்டு. பெண்டாட்டியை அடித்தால் அடித்த தடம் தெரியக் கூடாது. அடிக்கத் தொடங்கி நாலு வருஷமாகியும் அந்தப் பெருமைக்கு ஒரு பங்கமும் வராமல் பார்த்துக்கொண்ட ஆள் அவன். ஈரத் துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு குத்துவான். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதுவான்; மயிருக்குள் வீங்கினால் யார் பார்க்கப் போகிறார்கள்? முகத்தில் மட்டும் கை வைக்க மாட்டான். டவுனில் ஹார்ட்வெயார் கடை, கோயில் கமிட்டியில் ஒரு பதவி, அம்பிட்டியில் மாடி வீடு. அவன் எதிரே வந்தால் நீங்களும் நானும் எழுந்து நின்று கும்பிடுவோம். அப்படி ஒரு சாந்தமான மூஞ்சி அந்தப் பாவிக்கு!

அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் மனைவி அனுஷியா குளித்து முடித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவை உதைத்துத் திறந்தான் யுகேஷ். அவன் கையில் அவளுடைய போன். குண்டசாலையில் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று யாரோ ஒரு வீட்டுக்காரி அனுப்பிய மெசேஜ் அதில் திறந்திருந்தது.

"யாருக்குடி ரூம்?"

அவள் வாயைத் திறக்குமுன் கொடியில் கிடந்த துவாயை எடுத்து நாலாக மடித்தான். பதறாமல், கடையில் சாமான் கட்டுவதுபோல மடித்தான். அதை அவள் கழுத்தில் வைத்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து, முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்துச் சுவரோடு அழுத்தினான். அவள் குதிகால் தரையை விட்டு எழும்பியது. காதுக்குள் இரைச்சல். அவன் மணிக்கட்டைப் பிறாண்டப் போன கையை மற்றக் கையால் பிடித்து முறுக்கினான். கண்முன்னால் கறுப்பாய்ப் பொட்டுப் பொட்டாய் விழுந்து, பிறகு எல்லாமே கறுத்துப் போனது. வெளியே அவளுடைய மாமியார் புஷ்பம் சாமிப் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அந்த வீட்டில் அதுவும் ஒரு வழக்கம்.

கண் திறந்தபோது ஈரத் தரையில் கிடந்தாள். பாவாடை நனைந்திருந்தது, தண்ணீரால் மட்டும் அல்ல. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின; கத்த நினைத்தாள், காற்றுத்தான் வந்தது.

யுகேஷ் கண்ணாடி முன்னால் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். "எந்திரிச்சி தொடச்சி விடு. டிலானிய ஸ்கூல்ல நான் விடுறேன். மத்தியானமும் நானே கூட்டிட்டு வர்றேன். நீ அந்த ரூமுக்குத் தாராளமா போ. ஆனா தனியா போ."

டிலானி அவர்களுடைய மகள், முதலாம் வகுப்பு. போன மாதம் ஈரத் துவாய் முதல் தடவையாக அந்தக் குழந்தையின் முதுகிலும் விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் அனுஷியா அறை தேடத் தொடங்கினாள்.

வேலைக்குப் போகிற சாக்கில் பஸ் ஏறினாள். மாநகர சபையில் கிளார்க் வேலை. ஆனால் இறங்கியதும் அலுவலகத்துக்குப் போகாமல் நேரே பொலிசுக்குப் போனாள். பஸ்ஸில் எச்சில் விழுங்க முடியாமல் கைக்குட்டையில் துப்பிக்கொண்டே வந்தவள், என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசிக்கவேயில்லை. பயந்து பயந்து அலுத்துப் போயிருந்தது அவளுக்கு.

அங்கே இருந்த சார்ஜன்ட் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கெட்டவர் இல்லை அந்த மனிதர். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிற ரகம். போன வருஷம் அவள் முறைப்பாடு கொடுக்க வந்தபோது, உடம்பில் ஒரு கீறலும் இல்லையே நங்கி, தங்கச்சி மாதிரி நினைத்துச் சொல்கிறேன், புருஷன் பெண்டாட்டி சண்டைதானே என்று சிங்களத்தில் புத்தி சொல்லி, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தவர் அவர்தான். சமாதானமான அந்த வாரமே யுகேஷ் அவளுடைய கால் சின்னவிரலை முறித்தான். கட்டில் கால் இடித்துவிட்டது என்று சொல்லச் சொன்னான். சொன்னாள்.

இன்றைக்கும் சார்ஜன்ட் அவள் கழுத்தை எட்டிப் பார்த்தார். "கோ நங்கி துவாலே?" எங்கே காயம்?

காயம் எங்கே! குரலே இல்லாமல் ஒருத்தி வந்து நிற்கிறாள், காயம் எங்கேயாம். அவள் கம்மிய குரலில் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்: சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புங்கள். அவர் பெருமூச்சு விட்டு, ஒரு பெண் பொலிசையும் கூட்டிக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வழியிலேயே யுகேஷுக்கும் போன் போட்டார்.

சட்ட வைத்திய அதிகாரி டொக்டர் றம்லத், அலவத்துகொடயைச் சேர்ந்த முஸ்லிம் பெண். அவர் தமிழில் பேசத் தொடங்கியதும் அனுஷியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டொக்டர் அவள் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார், வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார், குரலைக் கவனித்துக் கேட்டார். மயக்கம் வந்ததா, உடுப்பு நனைந்ததா என்று கேட்டார். நனைந்தது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"வெக்கப்படாதீங்க. கழுத்த நெரிச்சா அப்படித்தான். அது சாவுக்குப் பக்கத்துல போன அடையாளம்," என்றார் டொக்டர். "கண்ணுக்குள்ள ரெண்டு மூணு ரத்தப் பொட்டு ஈக்கிது. அத நான் எழுதுவன். ஆனா கழுத்துல ஒண்டும் தெரியல்லயே. அத வெச்சித்தான் எல்லாரும் தப்புற."

பிறகு அலுமாரியிலிருந்து ஒரு கறுத்தப் பெட்டியை எடுத்தார். அதற்குள் கைக்கு அடக்கமான ஒரு விளக்கும் மஞ்சள் நிறக் கண்ணாடி ஒன்றும் இருந்தன.

"எங்கட தோல் நெறத்துல கண்டல் காயம் லேசுல தெரியாது. உள்ளுக்கு ரத்தம் கசிஞ்சி ஈக்கும், வெளிய காட்டாது. வெள்ளத் தோலப் பாத்து எழுதின புத்தகத்த வெச்சிட்டு, காயம் இல்லண்டு நாங்க எழுதி அனுப்பின பொம்புளைங்க எத்தின பேரோ! இந்த ஊதா லைட்ட அடிச்சி, இந்தக் கண்ணாடியால பாத்தா உள்ளுக்கு ஈக்கிற கண்டல் கறுப்பா எழும்பி வரும். வெளிநாட்டுல ஆராய்ச்சி செஞ்சி பாத்துட்டாங்க. எங்கட ஆக்கள்ள நாங்க இப்பதான் பாக்குறம். கோட்டுல கேஸுக்கு எந்தளவு எடுப்பாங்கண்டு தெரியா. படம் ஈந்தா சார்ஜன்ட் இண்டைக்கே ஆளப் புடிப்பாரு. சம்மதமா?"

"சம்மதங்க டொக்டர்."

"கழுத்துல எனத்தயும் பூசினீங்களா? கிரீம், லோஷன், பவுடர், மேக்கப், தைலம்?"

"ஒண்ணுமே இல்லீங்க."

பொய் சொல்லவில்லை அவள். மனதில் தேடிப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து, டொக்டர் ஊதா வெளிச்சத்தை அவள் கழுத்துக்குக் காட்டினார். அடுத்த நொடி "யா அல்லாஹ்!" என்றார். தாடையிலிருந்து நெஞ்சுக்குழிவரை பச்சையும் மஞ்சளுமாய்ப் பளீரென்று எரிந்தது. அந்தப் பளபளப்பில் கறுப்பாவது கண்டலாவது, ஒரு எழவும் தெரியவில்லை.

"எனத்த இது? எனத்தப் பூசின?"

அனுஷியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "மஞ்ச தேச்சிக் குளிச்சேங்க… இன்னைக்கி வெள்ளிக்கிழமைங்களே."

தண்ணீரும் சவர்க்காரமும்போல மஞ்சளும் அவளுக்குக் குளிப்பதில் ஒரு பங்கு. வயதுக்கு வந்த நாளிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. நாட்டில் மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்து, தங்கம்போல விலை ஏறிய காலத்தில்கூடக் கறிக்குக் குறைத்துக் கழுத்துக்கு வைத்துக்கொண்டவள். தாலி கிடக்கிற கழுத்தாம்! அதை யாராவது கிரீம் பூசினேன் என்று டொக்டரிடம் சொல்வார்களா? டொக்டருக்கும் அது தோன்றவில்லை. வெளிநாட்டார் எழுதி வைத்த கேள்வியை அப்படியே கேட்டிருந்தார். அவருடைய வீட்டில் மஞ்சள் கறிச்சட்டியோடு சரி.

டொக்டர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்ணெய் தொட்டுத் துடைத்தார், சவர்க்காரம் போட்டுக் கழுவினார், ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார். தோல் எரிந்ததுதான் மிச்சம். வெளிச்சத்தைக் காட்டினால் மறுபடி மினுங்கியது.

"தோலுக்குள்ள ஊறி ஈக்கி. நாலஞ்சி நாள் மஞ்சள் தொடாம ஈந்தா போயிரும். கண்டல் அதுக்குள்ள ஓடிப் போகாது. வார்ட்டுல படுங்க, புதன்கிழம திரும்பப் பாப்பம்."

"நாலஞ்சி நாளா? பிள்ள அவருகிட்டங்க டொக்டர்!"

கட்டிய தாலியையும் கழுவிய கழுத்தையும் பிய்த்து எறியவேண்டும்போல இருந்தது அவளுக்கு. தன் கையாலேயே தடயத்தை மூடிவிட்டு வந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வார்ட்டில் படுத்தால் டிலானி அந்த வீட்டுக்குப் போவாள், அந்தத் துவாய்க்கும் அந்தச் சாமிப் பாட்டுக்கும் நடுவில். படுக்காமல் வீட்டுக்குப் போனால் அடுத்த தடவை கண் திறக்க மாட்டாள். இரண்டும் அவளுக்கு வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தது.

டொக்டர் வெளியே போய் சார்ஜன்ட்டிடம் வாதாடினார். கதவு வழியாகக் கேட்டது. மஞ்சள் மினுங்கியதைச் சொன்னார், கண்ணில் ரத்தப் பொட்டு என்றார். இருமினாலும் வரும்தானே மேடம் என்றார் சார்ஜன்ட். படம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் புதன்கிழமை பார்ப்போம், இன்றைக்கு எதை வைத்து ஆளைப் பிடிப்பது, அவர் மரியாதையான மனுஷன் வேறு என்றார்.

அனுஷியா எழுந்து வெளியே வந்தாள்.

யுகேஷ் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கலையாத திருநீறு, கையில் சீவிய தம்பிலி இளநீர், அதில் ஒரு ஸ்ட்ரோ. கொலைகாரனுக்கு வந்த கரிசனத்தைப் பாருங்கள்! "தொண்ட காயும், குடி அனு," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கிட்டே குனிந்து மெதுவாகச் சொன்னான்: "மஞ்சளா மினுங்கிச்சாமே? சார்ஜன்ட் சொன்னாரு. சாமி யார் பக்கம் பாத்தியா? வா, பிள்ளைய ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

அவளுக்குச் சாகப் பயமில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய். அந்த நிமிஷம் அவளுக்கு உயிர் வெல்லமாக இனித்தது. ஆனால் அவன் பெருமை எங்கே இருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை. சார்ஜன்ட் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். உடைந்த தொண்டையிலிருந்து வந்த அந்தச் சிரிப்பைக் கேட்டு வராந்தா வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள்.

"நீ பெரிய கெட்டிக்காரன்னு நெனச்சிருந்தியா?" என்றாள். கட்டிய நாளிலிருந்து அவனை ஒரு தடவைகூட நீ என்று சொன்னதில்லை. "மினுங்கினது கழுத்து மட்டும்தான். நாலு வருஷமா நீ அடிச்ச மத்த அடி பூராவும் அந்த லைட்ல தெரிஞ்சிருச்சிடா. வெரல் வெரலா படம் புடிச்சாச்சி. கோட்டுல சுவத்தளவு பெருசாக்கிக் காட்டப் போறாங்க. கோயில் கமிட்டிக்காரங்களும் வந்து பாக்கட்டும். பொண்டாட்டிய மறைச்சி அடிக்கக்கூடத் தெரியாத பொட்டப்பய நீ!"

தம்பிலி தரையில் விழுந்து உடைந்தது. அவள் கண்ட யுகேஷை அந்த வராந்தா அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டது. துவாயும் இல்லை, மடிப்பும் இல்லை. முதல் குத்து மூக்கில் விழுந்தது; எலும்பு நொறுங்கிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மோதிரம் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. விழுந்தவள்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்து, தலையைத் தூக்கித் தூக்கிச் சீமெந்துத் தரையில் அடித்தான். "கொல்றேன்டி நாயே, இங்கயே கொல்றேன்!" நகம் தோலுக்குள் இறங்கியது. தடம் விழட்டும், தடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக் கிடந்தாள். ஆனால் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. மூச்சு நின்ற கணத்தில் கை தானாக எழும்பி அவன் கண்ணைத் தோண்டியது. சார்ஜன்ட் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். பெண் பொலிஸ் கைத்தடியால் முழங்கையில் போட்டாள். அவன் சார்ஜன்ட்டின் பெருவிரலை ரத்தம் வரக் கடித்தான். ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள் இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்து பிய்த்து எடுத்த பிறகுதான் அந்த விரல்கள் கழுத்தைவிட்டுக் கழன்றன.

விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போகும்போதும் கத்திக்கொண்டே போனான். சார்ஜன்ட் விரலை உதறிக்கொண்டு அனுஷியாவின் பக்கம் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

டொக்டர் றம்லத் அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார். கமராவை எடுத்தவரின் மற்றக் கை பழக்கத்தில் கறுத்தப் பெட்டிக்குப் போனது.

"அது வேணாங்க டொக்டர்," என்றாள் அனுஷியா, ரத்தத்தை விழுங்கிக்கொண்டு. "எல்லாருக்கும் தெரியும் இப்ப."

டொக்டர் அழுதுகொண்டே படம் எடுத்தார். "உங்களுக்குப் பைத்தியமா? செத்திருப்பீங்களே!" என்று திட்டினார். அனுஷியாவுக்கும் கோபம் வந்தது, ஆனால் டொக்டர்மேல் அல்ல. ஒரு தடவை நம்புவதற்கு இவர்களுக்கு ஒருத்தி எத்தனை தடவை சாகவேண்டியிருக்கிறது என்று நினைத்தாள்.

மூக்கில் கட்டுப் போட்டதும் எழுந்துவிட்டாள். படுங்கள் என்று டொக்டர் கத்தியும் கேட்கவில்லை. போய்த் திரும்பி வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, பெண் பொலிசோடு த்ரீவீலில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மற்றப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். டிலானி கேட்டுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தும் குழந்தை அழவில்லை. பயப்படவுமில்லை. எழுந்து வந்து, கழுத்தில் சிவந்து தடித்திருந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது.

"அம்மா," என்றாள் டிலானி, "இந்த வாட்டி வெளிய தெரியுது."

அனுஷியா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் ஏறினாள்.