கோழிக்கு நாலு சொட்டு

அக்காள் கணவர் நடத்திய உணவகத்தில் அவள்தான் சமையல். வாசல் பலகையில் ‘விறகில் சுட்டது’ என்றிருந்தது. இரண்டு வருடம் அது உண்மைதான். மேல்மாடியில் குடியிருந்தவர்கள் கண் எரிகிறது என்று புகார் கொடுக்க, அதிகாரி வந்து விறகடுப்பைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

“ஒரு வாரம் சமாளி. வேற வழி பண்றேன்” என்றார் அத்தான். மறுநாள் கொண்டுவந்தது ஒரு சின்னப் புட்டி. மரப்புகையைக் குளிரவைத்து இறக்கிய சாறு. சமையலறையில் அதற்குப் புகைத்தண்ணி என்று பேர் விழுந்தது. முதல் நாள் ஒரு கரண்டி ஊற்றியதில் கோழி, தீப்பிடித்த வீடு மாதிரி நாறியது. மூன்று நாள் மல்லுக்கட்டிப் பதத்தைப் பிடித்தாள். கோழிக்கு நாலு சொட்டு, ஊறவைக்கும் தயிரில். பிறகு கேஸ் அடுப்பில் ஓரம் கருக வாட்டினால் நாக்கு ஏமாந்துவிடும்.

ஒரு வாரம் எட்டு மாதமானது. வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று சமையலறை ஜன்னலில் காகிதம் ஒட்டினார்கள், பின்கதவுக்குத் தாழ் போட்டார்கள். காய்ச்சலிலும் அவளே நின்றாள். அளவை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அத்தானின் கட்டளை. தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான்; வாயைத் திறக்க முடியுமா?

ஊருக்கு வெளியே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஓர் அம்மா மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்து சாப்பிட்டாள். கடைசியில் அவளைக் கூப்பிட்டு, “என் கடைக்கு வர்றியா? தங்க ரூமும் தர்றேன்” என்றாள்.

மறைக்க மனம் வரவில்லை. “இது விறகுல சுட்டது இல்லம்மா. புட்டில வர்ற புகை.”

“முதல் வாயிலயே தெரிஞ்சுது. புகையை யாரு வேணா ஊத்தலாம். கறி வெந்த பதம் உன்னோடது. என்கிட்ட நிஜ அடுப்பு இருக்கு. ஒண்ணாம் தேதி வந்துடு.”

அன்று மாலையே அக்காவிடம் சொன்னாள். அக்கா அழவில்லை, தடுக்கவுமில்லை. “அளவை எனக்குக் கத்துக் குடுத்துட்டுப் போ” என்றாள். அத்தானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தார்.

மறுநாள் பத்துக் கோழி தனித்தனிப் பாத்திரத்தில் தயிரில் கிடந்தது. சொட்டை எண்ணிக்கொண்டே வந்த அக்கா, ஏழாவது கோழியில் புட்டியை அப்படியே கவிழ்த்தாள்.

“ஐயோ, கை தவறிடுச்சுடி.”

தவறவில்லை. பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாதா? மணிக்கட்டு நிதானமாகத்தான் திரும்பியது.

நெடி தாங்காமல் உள்ளே வந்தார் அத்தான். “இவளுக்கு எங்க வரப்போகுது? நீதான் இருக்கணும்மா.” அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை கெட்ட கோழியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு கோழிக்குத் தயிர் கலக்கினாள்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து, “அடுத்த மாசம் வர்றேம்மா” என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.