நடக்கச் சொன்னது யார்?

1

இந்தக் கதை சாப்பாட்டு வரிசையில் பிறந்தது. தாவணகெரேயில் எங்கள் டாக்டர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேச்சு முடிந்த பிறகுதான் தோசை அடுப்பைப் பற்றவைப்பார்கள். அந்த மாதம் பெங்களூர் எலும்பு நிபுணர் ஒருவர், வெளிநாட்டில் பழசாகி எங்களுக்குப் புதிதாக வந்துசேர்ந்த ஆராய்ச்சியைச் சொன்னார்: சாதாரண இடுப்புப் பிடிப்புக்குப் படுக்கை வேண்டாம், முடிந்தவரை நடமாடவிட்டால் சீக்கிரம் தேறும். கட்டுரை நகலும் பேனாவும் கொடுத்தார்கள். பேனாவை எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நான் காது மூக்கு தொண்டை டாக்டர், என்னை விட்டுவிடலாம்.

2

தொடக்கம்: “அறிவு என்பது ஒரு நதியைப் போல” (சீ, வேண்டாம்.)

மறுபடியும்: கொட்ரம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

இது தேவலை. கொட்ரம்மா எங்கள் தெருமுனையில் வெண்ணெய் தோசைக் கடை வைத்திருப்பவர். டாக்டர் ஹாலசாமி அவரை மூன்று வாரம் படுக்கச் சொன்னார்.

“கோயில் ஜாத்திரை வருது டாக்டரே. நான் கடை போடலேன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்புறம் என்னைக்கும் கிடைக்காது.”

“இடுப்பே போயிட்டா இடத்தை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவே?”

எதிர்ச்சாரியில் டாக்டர் சுமங்களா. கொட்ரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கே போனார்.

“ஹாலசாமி ஸார் என்ன சொன்னார்?”

“படுக்கச் சொன்னாரும்மா.”

“அப்பப் படுத்துக்குங்க.”*

* முதலில் பார்த்தவர் சொன்னதை இரண்டாமவர் மாற்றுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. கட்டுரையை இருவருமே படித்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதல் ஆளாக மாற இருவருக்கும் பயம், அவ்வளவுதான்.

3

ருத்ரேஷ் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. தினமும் கொட்ரம்மா கடையில்தான் காலைப் பலகாரம். கடை பூட்டிக் கிடக்கவே, வெறும் வயிற்றோடு ஹாலசாமியிடம் போய்க் கட்டுரையை நீட்டினான்.

“அது கிடக்கட்டும்ப்பா. எதிர்த்தாப்ல மேடம் என்ன சொல்றாங்க?”

எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விதான். நானும் கேட்பேன். ஆயிரம் நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியும் எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்.

“மேடமா? அவங்க நடக்கச் சொல்ல ஆரம்பிச்சு நாளாச்சே ஸார்.”

அப்படியே தெருவைத் தாண்டினான்.

“ஸார் எப்பவோ மாறிட்டார் மேடம். நீங்கதான் பாக்கி.”

(இங்கே எனக்கே சந்தேகம். ஒரே வாரத்தில் இருவரும் மாறியது நிஜம். ஏன் மாறினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் இந்தப் பொய்யை வைத்தது நான். ருத்ரேஷ் தங்கமான பையன், பசி வந்தால் மட்டும்...)

4

ஒரு முடிவில் கொட்ரம்மா இடத்தை இழந்தார். அதை எழுதிய அன்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில், இரண்டு டாக்டர்களும் ஒரே நாளில் ஆள் அனுப்பி, எழுந்து நடமாடச் சொன்னார்கள்.

“படுன்னாலும் சேந்து சொல்றாங்க, நடன்னாலும் சேந்து சொல்றாங்க,” என்றார் கொட்ரம்மா. “பேசாம அப்பவே ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கலாம்.”

மெல்ல நடந்தார். ஜாத்திரையில் அவர் அடுப்பு அவர் இடத்திலேயே எரிந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

5

அடுத்த மாதக் கூட்டம். தோசை ஊற்றுவது கொட்ரம்மா. வரிசையில் ஹாலசாமி, அவருக்குப் பின்னால் சுமங்களா. முதல் தோசையை வாங்கிக்கொண்ட ருத்ரேஷ் பக்கத்திலேயே நின்று சாப்பிடுகிறான்.

“நீங்க முதல்ல ஆரம்பிச்சீங்க பாருங்க மேடம், அதுலதான் எனக்கும் தைரியம் வந்தது.”

“நானா? நீங்கதானே ஸார் முதல்ல?”

இருவரும் ருத்ரேஷ் பக்கம் திரும்புகிறார்கள். கொட்ரம்மாவும் கரண்டியை நிறுத்திவிட்டார். அவனை இதில் மாட்டிவிட்டது நான். வெளியே எடுத்துவிட எனக்கு வழி தெரியவில்லை. நல்லவேளை, அவன் வாய் நிறைய தோசை இருக்கிறது. விழுங்கி முடிப்பதற்குள் நீங்களாவது ஏதாவது சொல்லிக்கொடுங்கள்.