ஒன்றரை முழம் கூட

பெயர்ப்பலகைக் கம்பத்தின் மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இரண்டு முழம் இறங்க வேண்டும். சுற்றிலும் எஞ்சும் விரல் அகல இடைவெளியில் ஈயத்தை உருக்கி நிறைக்க வேண்டும். நீக்கிலாப்பிள்ளைக்கும் அவனுடைய அத்தான் அருளப்புவுக்கும் நன்றாகத் தெரிந்த வேலை.

அருளப்பு கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போயிருந்த காலையில், நட்டிருந்த தடித்த குழாயின் வாயில் நீக்கிலாப்பிள்ளை ஏணியில் ஏறி ஒரு சாண் ஆழத்துக்குப் பனங்கட்டை ஒன்றை இறுக்கினான். கூலியாட்கள் கயிற்றில் தூக்கிய மெல்லிய குழாயை அதன்மேல் நிறுத்தினான். இடைவெளியில் பனஞ்சிராய்களை அடித்து, மேற்புறம் மட்டும் ஈயம் ஊற்றினான். பெயர்ப்பலகை மாட்ட உச்சிக்கு ஏறப்போகிறவன் அருளப்பு. போன கிழமை தன் மனைவி, நீக்கிலாப்பிள்ளையின் அக்கா மரியநாயகியின் இடது கையை உலக்கையால் முறித்தவனும் அவன்தான்.

பெற்றோல் கடை முதலாளி கனகசபாபதி அண்ணாந்து பார்த்தார்.

"கேட்டதைவிட உயரமாக் கிடக்கு. எதிர்க்கடைக்காரன்ரை பலகை இனி என்ரை பலகையின்ரை முழங்காலுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார். கூலியாட்களும் கலைந்தார்கள்.

தவறணையிலிருந்து திரும்பியிருந்த அருளப்பு சிரிக்கவில்லை. ஏணியின் படிகளை எண்ணிக் கம்பத்தின் உயரத்தைக் கணக்கிட்டான்.

"ஒண்டரை முழம் கூட. இரும்பு வளருமோ மச்சான்?"

நீக்கிலாப்பிள்ளையின் வாயில் அருளப்புவின் சுத்தியல் பிடி விழுந்தது. ஒரு பல் நாக்கில் கழன்று கிடந்தது.

அப்போது மரியநாயகி சோற்றுப் பொட்டலம் வைத்த பனையோலை உமலோடு வேலிப் படலைக்குள் வந்தாள். முறிவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை நெஞ்சோடு தொங்கியது. அருளப்பு அவளுடைய மற்றக் கையைப் பிடித்து முறுக்கினான்.

"எனக்குச் செய்ததை நீ ஏறிப் பார். ஏறாட்டி இந்தக் கையும் இல்லை."

நீக்கிலாப்பிள்ளை ஏறினான். இணைப்பைத் தாண்டிக் குழாயைத் தொடைகளால் கவ்வியதும், அருளப்பு ஏணியை இழுத்து எறிந்தான். அதற்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

மரியநாயகி விடுபட்டாள். தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள், கண்ணை எடுக்காமலே, புருஷனை விட்டு நாலு அடி விலகி நின்றாள்.

நீக்கிலாப்பிள்ளைக்கு அது போதும். முழுப் பாரத்தையும் அருளப்பு நின்ற பக்கம் சாய்த்தான். ஈயம் வெடித்தது. சிராய்கள் நொறுங்கின. குழாய் கழன்றது.

கண் திறந்தபோது அவனுடைய தொடையெலும்பு தோலுக்கு வெளியே நின்றது. குழாய் அருளப்புவின் தலைக்குக் குறுக்கே கிடந்தது. அருளப்புவின் ஒரு கால் செம்மண்ணைக் கிளறிக்கொண்டிருந்து, நின்றது.

சந்தியிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம். மரியநாயகி அழவில்லை. குந்தியிருந்து, இரத்தம் பட்டதும் படாததுமாகப் பனஞ்சிராய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உமலுக்குள் சோற்றுப் பொட்டலத்தின் கீழே மறைத்தாள்.

"வேறையும் கிடக்கோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நீக்கிலாப்பிள்ளை கண்ணால் மேலே காட்டினான். பதினாறடி உயரத்தில், தடித்த குழாயின் வாய்க்குள், அந்தப் பனங்கட்டை இன்னும் இறுகிக் கிடந்தது.

ஏணி வேலியோரம் விழுந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்த அவளுக்கு ஒரு கைதான்.