பிழைகளை வழியனுப்பிய வீடு

உடுமலைப்பேட்டையில் கணினி நிரல் எழுதுகிறவர்களின் வீட்டில் அந்த நிரலின் பிழைகள் வந்து தங்குவது வழக்கம். திருத்தியதும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் புறப்பட்டுவிடும். சுந்தரவடிவேலின் வீட்டுக் கூடத்திலும் கால் வைக்க இடமில்லாமல் அவை படுத்திருந்தன.

அவர் எழுதியது ‘செவிநூல்’. அச்சிட்ட பக்கத்தைப் படம்பிடித்துக் கொடுத்தால் உரக்க வாசிக்கும். லினக்ஸ் கணினிகளுக்கானது, விலையில்லை, மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம். பார்வையற்றோர் பள்ளியின் ரெஜினா டீச்சர் அதற்காகவே காத்திருந்தார்.

“பரீட்சையில சோதனைப் பதிப்பை ஏத்துக்க மாட்டாங்க சார். நிலையான பதிப்பு வேணும். திங்கட்கிழமை பரீட்சை. இல்லேன்னா வினாத்தாளை வாசிச்சுச் சொல்ல இந்த வருஷமும் பிள்ளைங்க ஆள் தேடி நிக்கணும்.”

சுந்தரவடிவேல் சோம்பேறியல்லர். காலையில் திருத்திய பிழைகள் மதியத்துக்குள் கிளம்பின. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் அவையே திரும்பி வந்து கை கால் கழுவின. காரணம் அவர் மனைவி தவமணி.

“போயிட்டு வாங்கன்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? சொன்னா வரத்தானே செய்யும்!”

“அதுக்குன்னு ஊட்டுக்கு வந்தவங்களைப் போங்கன்னா சொல்றது மாமா? நாக்கு அழுகிப் போயிருமுங்க.”

“அவங்க விருந்தாளி இல்ல. பிழை.”

“பிழைன்னா பசிக்காதுங்களா?”

அவளைச் சமையலறையில் இருத்தினார். பிழைகள் அங்கேயே சென்று விடைபெற்றன. மறுநாள் தாமே வாசலில் நின்றார். எழுத்துருவைக் கலைக்கும் பிழை பணிவாகக் கும்பிட்டது. “பார்த்துப் போயிட்டு வாங்க” என்று அவர் வாயே சொல்லிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். பிறர் நலத்துக்கென ஒரு காரியத்தில் இறங்குகிறவன் முதலில் தன் வீட்டு உபசாரத்தைக் கண்காணிக்க வேண்டும். நல்ல பழக்கங்களைப்போல நம் காலை வாருபவை வேறில்லை.

பிறகு அதற்கொரு வழி கண்டுபிடித்தார். பிழை புறப்படும்போது தவமணி வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைக்க வேண்டும். அது பலித்தது. கூடம் காலியாயிற்று. ஞாயிறன்று மீந்தது ஒன்றே: ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி வரியை விழுங்கிவிடும் பிழை. அது தவமணியை அக்கா என்று அழைத்தது. அவரைக்காய் நார் உரித்துக் கொடுத்தது.

பிற்பகலில் அதையும் திருத்தினார். அது பையோடு வாசற்படியில் நின்று, “வரட்டுங்களாக்கா?” என்றது.

தவமணி தண்ணீரை விழுங்கிவிட்டாள். சுந்தரவடிவேல் பல்லைக் கடித்தபடி அவள் வாயையே பார்த்தார். அவளோ பிழையின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தர்றனுங்க மாமா.”

“அதுக்கா? பஸ் ஏறத் தெரியாதா?”

“தனியாப் போனா கடைசி வரைக்கும் போகாதுங்க. பாதியிலயே எறங்கிக்கும்.”

இருவரும் தெருமுனை திரும்பினார்கள். பொழுது சாய்ந்தது. பிழை வரவில்லை, தவமணியும் வரவில்லை. சுந்தரவடிவேல் நிலையான பதிப்பை வெளியிட்டார்.

திங்கட்கிழமை முற்பகலில் ரெஜினா டீச்சரின் அழைப்பு வந்தது.

“ரொம்ப நல்லா ஓடுது சார். ஒரு வரி விடல. பக்கத்தோட கடைசி வரியை மட்டும் உங்க வீட்டம்மா வாசிக்கிறாங்க.”

“சத்தமா வாசிக்கிறாளா?”

“பின்பெஞ்சு வரைக்கும் கேக்குது. பிள்ளைங்க கேட்டா இன்னொரு தடவையும் சொல்றாங்க.”

“மத்தியானம் சாப்பிட விட்டுடுங்க டீச்சர். அவளுக்குப் பசி தாங்காது.”