டிக்கியை மூடினால் கேட்பது

"டிரைவர் சீட்ல நான் உட்காரணும். டிக்கியை மூடிட்டு கேசட்டைப் போடுங்க."

சொல்லிவிட்டேன். வேலை பார்க்கிற வீட்டில் எது வேண்டுமானாலும் கேள், அவர்கள் காரில் உட்கார மட்டும் கேட்காதே என்று சின்ன வயதிலிருந்து அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். கார் ஜம்புவுடையது. அவன் அப்பா வெளியுறவு அதிகாரி. தில்லி சாணக்யபுரியில் அவர்கள் வீட்டில்தான் என் அம்மா வேலம்மாள் பாத்திரம் தேய்க்கிறாள். வெளிநாட்டு போஸ்டிங் முடிந்து திரும்பியபோது அவர் கொண்டுவந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்.

கரோல் பாக்கில் பூவராகவன் சாரின் கார் ஸ்டீரியோ கடையில் நான் பில் போடுகிறவள். ஏஷியாட் விளையாட்டுக்கு ஸ்டேடியம் கட்ட வந்த கொத்தனாரின் மகள், பி.எஸ்ஸி. இயற்பியல். ஸ்பீக்கர் பெட்டிக்குக் கணக்குப் போட்டுப் படம் வரைவது நான்தான். ஆனால் பட்டறையில் கை வைக்கக் கூடாது. பொம்பளை ரம்பம் பிடித்தால் எவன் நம்பிக் காரை விடுவான் என்பார் சார்.

அன்று ஜம்பு, அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர், சப்வூஃபர், தேர்ந்தெடுக்க வந்திருந்தான். எங்கள் தெருவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. டிக்கியைத் திறந்து வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றி, எல்லோரும் வெளியே நின்று கேட்பார்கள். பான் கடைக்காரரும் பெல்ட் கடைக்காரரும்கூட வந்துவிடுவார்கள். கூட்டம் எதற்குத் தலையாட்டுகிறதோ அதுதான் காரில் ஏறும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட்ட பெட்டி அதிர்ந்ததும் வாஹ் வாஹ் என்றார்கள். அதற்கு இடம் பண்ண ஸ்டெப்னியைத் தூக்கித் தரையில் போட்டிருந்தான் ஃபிட்டர் வேலு. அப்படியும் பெட்டி இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தது. நான் வரைந்திருந்தது ஒரே ஒரு பத்து அங்குல ஸ்பீக்கருக்கு. ஸ்டெப்னி அதன் இடத்திலேயே இருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவன் தெருவில் நின்றுகொண்டு ஓட்டப் போவதில்லை என்பது இத்தனை ஆண்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் கேட்டேன்.

சார் குரலைத் தாழ்த்தினார். "வள்ளியம்மை, உங்கம்மா எங்க வேலை பண்றான்னு ஞாபகம் இருக்கோ? உள்ள போ."

ஜம்பு சிரித்தான். "கோயி பாத் நஹி, பரவாயில்ல அங்கிள், உட்காரட்டும். எங்க அம்மாக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே செருப்பைக் கழற்றாமல் ஏறினேன்.

வேலு டிக்கியை மூடினான். தெருவில் கர்ஜித்தது உள்ளே முனகியது. நம்பர் பிளேட்தான் கலகலத்தது. இரண்டு பெரிய ஸ்பீக்கர் மூச்சு விடும் அளவுக்கு அந்தப் பெட்டிக்குள் காற்று கிடையாது. அதை இறக்கி, கடையில் சோதனைக்குக் கிடந்த பத்து அங்குலப் பெட்டியை என் படத்தில் இருந்தபடி வைக்கச் சொன்னேன். அதுவும் முனகியது.

"பத்துக்கும் இதே கதிதான் போல, டீச்சரம்மா" என்றான் வேலு.

சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தடவிப் பார்த்தேன். அடியில் அட்டை. அட்டைக்குப் பின்னால், டிக்கிக்குள் போகிற ஒரு தலையணை அகலத் திறப்பு. என் படத்தில் ஸ்பீக்கர் தெருப்பக்கம் பார்த்திருந்தது. இவர்களைத் திட்டிக்கொண்டே நானும் தெருவுக்குத்தான் வரைந்திருக்கிறேன். அட்டையைப் பிடுங்கினேன். பெட்டியை சீட்டைப் பார்த்துத் திருப்பச் சொன்னேன்.

கேசட்டில் ஏதோ மேல்நாட்டு ஆர்கன் இசை. காதுக்கு எட்டும் முன்பே முதுகெலும்புக்குத் தெரிந்தது. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. நான் ஏறுவதற்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. முன் கண்ணாடியில் தெரிந்த கரோல் பாக், ரிக்ஷாக்கள், பெல்ட் கடை, சார், ஜம்பு எல்லாம் குளத்தில் விழுந்த நிழல் போல நடுங்கிக் கலைந்து, சுரம் ஓய்ந்ததும் மறுபடி கூடின. இத்தனைக்கும் வெளியே நின்ற வேலுவுக்கு ஒன்றுமே கேட்கவில்லையாம். அலைநீளம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். இந்த அலை ஒரு பஸ் நீளம் இருக்கும். அது இந்தக் குட்டிக் காருக்குள் எப்படி வந்து என் நெஞ்சுக்கூட்டில் தங்கியது? படித்ததில் பதில் இருக்கிறது. ஆனாலும் கை கூப்பத் தோன்றியது.

ஜம்பு பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும், இதுவே போதும் என்றான், மெதுவாக.

சாருக்கு மகிழ்ச்சி. "பேஷ். வேலு, பலகையை அறு. வள்ளி, பில்லைப் போடு."

"பெட்டியை நான் அடிக்கிறேன் சார்."

"கார்ல உட்கார்ந்தாச்சு. அது போறாதா உனக்கு?"

போதாது. ஆனால் வாதாடவில்லை. ஆர்கன் ஒலித்துக்கொண்டிருந்தபோதே முடிவாகிவிட்டது. உள்ளே போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். எங்கே என்று கேட்டார்.

"காஷ்மீரி கேட். அங்க ஸ்பீக்கர் பெட்டி செய்யற கடை நிறைய இருக்கு."

"அங்க யாரைத் தெரியும் உனக்கு?"

யாரையும் தெரியாது. எந்தக் கடைக்காரன் என் கையில் ரம்பத்தைக் கொடுக்கிறானோ, அவனிடம்தான் வேலை. படியிறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன்.