வலப்பக்கத்து மீன்

பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, தயாவதி ஈரத்துணியோடு படத்தின் முன் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம்தான் அவளுக்கு நிச்சயமாகியிருந்த ஜீவகுமார் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பழைய சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டதால், மாற்றித் தருவதாக ஆவணியில் எடுத்துப் போனவன். இப்போது புதுச் சட்டம், புதுக் கண்ணாடி. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. கண்ணாடிக்குள் மகாவீரரின் தாய் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அவள் கண்ட பதினாறு கனவுகள்: யானை, எருது, சிங்கம், சூரியன் என்று வரிசையாக. மாலை, மீன், கும்பம் ஆகிய மூன்றும் இரட்டையாக வருபவை. கட்டிலுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. துணி வலப்பக்கத்து மீன்மேல் வந்தபோது கை நின்றது.

அந்த மீன் கொஞ்சம் பருத்து, வாலைத் தொங்கப்போட்டு, இடப்பக்கத்து மீனைப் பார்க்காததுபோல் இருக்கும். சிறு வயதில் அதைக் கோபக்கார மீன் என்பாள். இப்போது இரண்டு மீன்களும் ஒரே அளவில், ஒரே வளைவில், தாளை மடித்து ஒற்றி எடுத்ததுபோல் எதிரெதிரே நின்றன. மாலைகளும் அப்படியே. கும்பங்களும் அப்படியே.

யார் கை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜீவகுமார் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளி முதலாளியிடம் சேலைக்கு டிசைன் போடுகிறவன். நிச்சயம் ஆன புதிதில், கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அதில் ஒரே ஒரு அன்னம் இருந்தது. ஜோடி எங்கே என்று கேட்டதற்கு, "நாங்க பாதிதான் போடுவோம். மீதியைத் தறி திருப்பிப் போட்டுக்கும். இன்னொண்ணு தானா வந்து எதிர்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பல நாள் தனக்குள் வைத்திருந்தாள். இன்றைக்கு அதே வார்த்தை வேறு மாதிரி ஒலித்தது.

ஆடி மாதம் ஒரு மெட்ராஸ்காரர், டெரிலின் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இந்தப் படத்தை விலைக்குக் கேட்டார். "இவ அப்பா நயினார் கும்பிட்ட படம், கொடுக்கறதுக்கில்ல" என்று அம்மா கதவோரத்திலேயே பேச்சை முடித்துவிட்டாள். அப்போது ஜீவகுமாரும் கூடத்தில் இருந்தான். அதற்கப்புறம் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, ஒரு காபி ஓட்டல் வாசலில் அவனும் அந்த மெட்ராஸ்காரரும் நின்று பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அதை அவனிடம் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எப்படிப் பளபளன்னு பண்ணிக் குடுத்துட்டாரு பாரு."

"மீனு ரெண்டும் முன்னாடி இப்படியாம்மா இருந்துது?"

"மீனு மீனாத்தான் இருக்கும். உனக்குக் கண்ணாலக் கவலை, கண்டதையும் கேட்டுக்கினு இருக்கற."

கல்யாணம் தை மாதத்தில். அம்மாவிடம் சொன்னால் மறுநாளே எல்லாம் முறிந்துவிடும், அது நிச்சயம். சொல்லாமல் விட்டால், அப்பாவின் படத்தை விற்றவனோடு ஒரே வீட்டில் ஆயுசுக்கும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் அவன் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். ரவிக்கைத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினாள்.

முதலாளி வீட்டின் பின்கட்டில்தான் வேலை நடந்தது. ஜீவகுமார் போடும் டிசைனைப் பார்த்து, தறியில் மாட்டும் அட்டையில் ஓட்டை குத்தும் சபாபதி, அவளைக் கண்டதும் உளியைக் கீழே வைத்தார்.

"பொண்ணு பார்க்க மாப்பிள்ளை போவான்னுதான் கேள்வி. எங்க ஆபீசுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பொண்ணு வந்துக்குது. உக்காரும்மா, உன் ஆளு முதலாளியாண்ட போயிருக்காரு. வந்தா ரெண்டு வார்த்தை கண்டிச்சு வை. புரட்டாசி பூரா மத்தியானச் சோத்தை மூடி வெச்சிட்டு, ஜன்னலாண்ட சாமி படம் எழுதிக்கினு இருந்தாரு. எட்டிப் பார்த்தா முதுகைக் காட்டறாரு. இன்னாபா அது ரகசியம்னா, கண்ணாலம் ஆகட்டும் சொல்றேன்றாரு."

உள்ளேயிருந்து வந்த ஜீவகுமாருக்கு அவளைப் பார்த்ததுமே முகம் மாறியது. சபாபதி வேண்டுமென்றே இருமினார். ஜீவகுமார் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தான். தீபாவளிச் சேலைக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. கோயில் மதிலோரம் கொஞ்சம் காலியாக இருந்த இடத்தில் இருவரும் நின்றார்கள்.

"நீங்க எழுதின படம்தானே அது?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை.

"நெஜப் படம் எங்க?"

"கண்ணாடியைக் கழட்டும்போது பெயிண்ட் ஒட்டிக்கினு வந்துட்டுது தயா. எத்தினி வருஷத்து ஈரமோ. வலப்பக்கம் பூரா கண்ணாடியோட போச்சு. இடப்பக்கம் மட்டும்தான் பேப்பர்ல நின்னுது. அதைப் பார்த்து எழுதினேன். ஜோடியா இருந்ததைத் திருப்பிப் போட்டுக்கினேன். மத்ததை ஞாபகத்துல எழுதினேன்."

"கெட்டுப்போனதைக் காட்டுங்க."

"வேகவதி ஆத்துல விட்டுட்டேன்."

பின்னமான சாமி படத்தை ஆற்றில் விடுவது எல்லாரும் செய்வதுதான். அப்பா போன பிறகு கிழிந்த பழைய படங்களை அம்மாவும் அப்படித்தான் விட்டாள். திருடுகிறவனுக்கும் அதைவிட வசதியான பதில் கிடையாது.

"புரட்டாசியில ஆத்துல தண்ணி ஏது?"

"மழை பேஞ்ச மறுநாள். முழங்கால் அளவு ஓடுச்சு."

மழை பெய்ததா? ஒருநாள் பெய்தது. அது புரட்டாசியா, ஐப்பசிப் பிறப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அந்த மெட்ராஸ்காரரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பார்த்துட்டியா. படத்தை வாங்கித் தான்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இப்படித்தான் பார்ப்ப." குரலை இறக்கிச் சொன்னான். "உன்னையே ஒருநாள் கேட்டேனே, ஞாபகம் இல்லியா? சிங்கம் வாயைத் தொறந்துக்கினு இருக்குமா, மூடிக்கினு இருக்குமான்னு. தொறந்துன்னு சொன்ன. அப்படித்தான் எழுதினேன்."

கேட்டான். உண்மைதான். கோயில் வாசலில் வைத்து, சும்மா கேட்பதுபோல் கேட்டான். படம் உங்களிடம்தானே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துவிட்டு, திறந்திருக்கும் என்று இவளும் சொன்னாள். முழுப் படமும் கையில் இருந்தால் எதற்காகக் கேட்டிருப்பான்? என்றைக்காவது இப்படி மதிலோரம் நின்று சொல்வதற்காகக் கேட்டிருப்பானோ? பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு கேள்விகளும் ஒரே எடையாக இருந்தன. ரவிக்கைத் துணி எடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தீபாவளி விடியலில், மகாவீரர் முக்தி அடைந்த நேரம் என்று அம்மா கூடம் முழுக்க விளக்கு வைத்தாள். தூரத்தில் ஊருக்குள் வெடிச் சத்தம் கேட்டது. தயாவதி அகலை எடுத்துக்கொண்டு படத்தின் அருகே போனாள். இடப்பக்கத்தில் யானையின் கண்ணோரச் சுருக்கம்வரை அப்படியே இருந்தது. அவன் எத்தனை மத்தியானங்கள் பசியோடு உட்கார்ந்திருப்பான் என்று ஒரு கணம் தோன்றியது. கூடவே, நல்ல விலைக்கு எத்தனை மத்தியானங்கள் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றும் தோன்றியது. வலப்பக்கத்துக்கு விளக்கை நகர்த்தினாள். மீனைத் தவிர அந்தப் பாதியில் எதுவும் அவளுக்கு உறுதியாக நினைவில்லை. பிறந்ததிலிருந்து கும்பிட்ட படம்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைத் தீபாவளிக்கு முந்தைய தீபாவளி. பலகாரத் தட்டோடு வருவதாக அவன் வீட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"வந்துட்டாரு போல. கால் கழுவத் தண்ணி குடு" என்றபடி படத்துக்குப் பூ வைக்க வந்த அம்மா, கையை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்டி, இந்தச் சிங்கம் வாயை மூடிக்கினுதானே இருக்கும்?"

திறந்திருக்கும் என்று அவனுக்குச் சொன்னது தயாவதிதான். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஜீவகுமார் தட்டை ஏந்திக்கொண்டு படிக்குக் கீழே நின்றிருந்தான். அம்மா கேட்டது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் அவன் காலில் தண்ணீரை ஊற்றினாள். அவன் ஒரு பாதத்தின்மேல் இன்னொன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டான். தண்ணீர் கோலத்தின் ஓரத்தைக் கரைத்துக்கொண்டு தெருவில் இறங்கியது.

"தயா, உன்னைத்தானே கேக்கறேன்" என்று அம்மா உள்ளேயிருந்து மறுபடி குரல் கொடுத்தாள்.

சொம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அவள் அதைச் சாய்த்துப் பிடித்தபடியே நின்றாள். அவனும் காலை எடுக்கவில்லை.