பாக்கியலெட்சுமி வீட்டுக் குளிர்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு சித்திரை மாத வியாழக்கிழமை, பாக்கியலெட்சுமி வீட்டுக் குளிர் வாசற்கதவைத் தாண்டி வெளியே போய்விட்டது. ஏசி மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூரைக்குள்ளால் ஓடும் குழாய்களில் எல்லா அறைக்கும் காற்றும் வந்தது, ஆனால் வெறும் காற்று. கலியாணக் கேக் செய்து விற்றுத்தான் அவர் சீவித்தார். அடுத்த நாள் கலியாணத்துக்குரிய மூன்றடுக்குக் கேக்கின் ஐசிங் மத்தியானத்துக்குள் வழியத் தொடங்கியது. அது சரிந்தால் பிறகு அந்த ஊரில் ஒருத்தரும் ஓடர் தரமாட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஏசி திருத்துகிற அஹ்ஸன், காஸ் குறைவு என்று சொல்லி நிரப்பினார், குளிர் வரவில்லை. உப்புக்காற்றுத் தின்ற கொயில் குழாய்ச்சுருளைக் கழுவினார், பில்தான் ஏறியது. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அன்ரி, மெஷின்ல ஒரு பிழையும் இல்ல. ஏசிக்கு ஏதும் ஏசினீங்களா?”

“அதைக் காஸ் அடிக்க முன்னம் கேட்டிருக்கலாமே தம்பி.”

“கேட்டா எனக்கு விசர் எண்டுவீங்க.”

அன்று விடிய முழங்கால் விறைத்த கோபத்தில் குளிரைப் பார்த்து “காணும், போ!” என்று கத்தியது அவருக்கு நினைவு வந்தது. யாழ்ப்பாணத்துக்காரி, கடன் கேட்டு வருபவனைக்கூட “போட்டு வாங்கோ” என்று, போய்த் திரும்பி வரச் சொல்லித்தான் அனுப்புவார். “வா” சொல்லாமல் அனுப்பியது எப்படித் திரும்பி வரும்?

தேடி அலையத் தேவையிருக்கவில்லை. ஒழுங்கை முகப்பில் மீன் விற்கும் ஹெந்தளை ஹியூபேட்டின் பலகையில் ஐஸ் இல்லாமலே பாரை மீன்கள் விறைத்துக் கிடந்தன. அவன் மீசையிலும் பனி பிடித்திருந்தது.

“நான் கூப்பிடல்ல அக்கா. நீங்க துரத்தினீங்க, அது இங்க வந்திச்சு.”

“கேக் சரிஞ்சா உன்ர பாரையைத்தான் மாப்பிளையும் பொம்பிளையும் வெட்டோணும்.”

ஹியூபேட் சிரித்துவிட்டான். காலையில் மீனுக்கு, பகல் திரும்பினால் கேக்குக்கு என்று முடிவானது. அஹ்ஸனின் பில்லில் பாதியை அவன் கட்டவேண்டும் என்றபோது முகம் சுருங்கினாலும் கொடுத்தான்; குறைந்த காசுக்கு ஒரு பாரையைத் தூக்கி அஹ்ஸனின் மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டான். பாக்கியலெட்சுமி பலகையைப் பார்த்து “சரி, வா” என்றார். குளிர் அவர் குதிக்காலை ஒட்டியபடி வீட்டுக்கு வந்தது. ஐசிங் இறுகியது. கொஞ்சம் சரிந்த பக்கத்தை அடுத்த நாள் கலியாண மண்டபத்தில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள்.

இப்போதும் விடியக் குளிர் மீன் பலகைக்கு வெளிக்கிடும்போது அவர் கதவைத் திறந்து “போட்டு வா” என்கிறார். பகலில் மீன் மணத்தோடு வந்தால், மணம் போகுமட்டும் வாசலில் நிற்க வைக்கிறார். அதுவும் நிற்கிறது.